மனை யாருக்கு? மைசூர்ச் சீமையில் வீடு பங்கிட்ட வரலாறு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார் என்பது நம்மவர் நாவில் என்றும் வழங்கும் பழமொழி. வீடு கட்டுவதன் அருமையை எடுத்துச் சொன்ன நம் முன்னோர், கட்டிய வீட்டை ஊராருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதன் அருமையைப்பற்றி ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அக்காலத்தில் எழவில்லை. அரசாங்கமோ நகரசபையோ பொதுப்பணத்தில் மனை வகுத்து, வீடு எழுப்பி, வேண்டுவோரிடம் விண்ணப்பம் வாங்கி வழங்குவது என்பது ஏறக்குறைய நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு உட்பட்ட வழக்கமேயாகும். வீடுகளோ பத்து, கேட்போரோ நூறு பேர். யாருக்குக் கொடுப்பது? எந்த நியாயத்தைக்கொண்டு மற்றத் தொண்ணூறு பேரைத் திருப்பி அனுப்புவது? இக்கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு விடை கூறி வந்திருக்கிறது. அவ்விடைகளின் வரலாற்றை, தமிழகத்துக்கு அப்பால் குடியேறி வாழும் நாம் அறிந்துகொள்வது மிகவும் பயனுடையது. ஏனெனில், வீடு கேட்டு நிற்கும் எவரையும் நோக்கி அதிகாரி முதலில் கேட்பது, 'நீ இவ்வூரானா?' என்பதே. அயல் மாநிலத்தில் வாழ்வோருக்கு இதைக் காட்டிலும் கடினமான கேள்வி வேறு இல்லை.

இவ்வரலாறு ஒரு நோயில் தொடங்குகிறது. 1896-ஆம் ஆண்டில் பம்பாய்த் துறைமுகத்தில் தோன்றிய பிளேக் என்னும் கொள்ளைநோய், புகைவண்டிப் பாதை வழியே தெற்கு நோக்கி நகர்ந்து, 1898-இல் பெங்களூரை அடைந்தது. மைசூர் நகரமும் விரைவில் அதன் வாய்ப்பட்டது. மக்கள் வீடு வாசலைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுத் தங்கினார்கள். அந்நாளைய அச்சம் எத்துணைப் பெரிது என்பதற்குக் கோயம்புத்தூரில் இன்றும் வழிபாடு நடைபெறும் பிளேக் மாரியம்மன் கோயிலே சான்று. நோய்க்கே தாயின் பெயரிட்டு, 'எங்களை விட்டுவிடு, அம்மா' என்று வேண்டிக்கொண்டார்கள் மக்கள். அரசாங்கமோ வேறொரு முடிவுக்கு வந்தது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான சந்துகளில் நோய் தங்குகிறது; ஆதலால் சந்துகளை இடிக்கவேண்டும், ஊரை விரிக்கவேண்டும் என்பது அம்முடிவு.

இம்முடிவைச் செயலாக்கவே, 'நகர அபிவிருத்தி டிரஸ்டு' என்னும் அமைப்புகள் தோன்றின. பம்பாயில் 1898-இல் சட்டம் இயற்றி அத்தகைய டிரஸ்டு ஒன்றை நிறுவினார்கள். மைசூரில், நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற மறு ஆண்டாகிய 1903-இல், நகர அபிவிருத்தி டிரஸ்டு போர்டு அமைக்கப்பட்டது. நம் நாட்டில் ஏற்பட்ட இவ்வகைச் சபைகளுள் மிக முற்பட்டவற்றுள் அது ஒன்று. கோட்டையைச் சூழ்ந்திருந்த பழைய ஊரின் நெரிசலைக் குறைத்து, அதற்கு அப்பால் அகன்ற தெருக்களும் கழிநீர் வாய்க்கால்களும் மரநிழலும் கொண்ட புதிய விரிவுகளை வகுப்பது அதன் வேலை. மைசூரில் வாழ்ந்த தமிழர் யாவரும் அறிந்த சாமராஜபுரம், லட்சுமிபுரம், சரஸ்வதிபுரம் முதலிய பகுதிகளெல்லாம் பழைய நகரம் இவ்வாறு விரிந்து பரந்ததன் பயனே. பெங்களூரில் அதே நோயின் விளைவாக மல்லேசுவரமும் பசவனகுடியும் வளர்ந்தன. 1910-இல் தண்டுப்பகுதியில் பிரேசர் டவுன் உருவாயிற்று.

புதிய மனைகள் யாருக்குக் கிடைத்தன? இங்கேதான் நாம் சற்று நின்று நோக்கவேண்டும். இடிக்கப்பட்ட சந்தில் வாழ்ந்தவன் ஏழை. புதிய விரிவில் மனை வாங்கியவன், பெரும்பாலும் உத்தியோகஸ்தன், வக்கீல், வியாபாரி. மனை என்பது விலைக்கு விடப்பட்டது. குறித்த காலத்துக்குள் குறித்த முறைப்படி வீடு கட்டவேண்டும் என்ற நிபந்தனையும் அதனோடு சேர்ந்தது. அவ்வாறு கட்டுவதற்குக் கையில் பணம் இல்லாதவன் விண்ணப்பமே எழுதமாட்டான் அல்லவா? பெங்களூர் விரிவுகளில் சாதிவாரியாகவும் பகுதிகள் பிரிக்கப்பட்டன. ஆகவே, முதல் தலைமுறை கூறிய விடை, 'கொடுக்க வல்லவனுக்குக் கொடு. அவனவன் கூட்டத்தோடு அவனவனை வை' என்பதாயிற்று. சுகாதாரத்துக்காகத் தொடங்கிய வேலை, செல்வருக்கு நல்ல காற்றையும் ஏழைக்கு வேறொரு சந்தையும் அளித்து முடிந்தது.

இது மைசூருக்கோ பெங்களூருக்கோ மட்டும் உரிய குறையன்று. அக்காலத்தில் உலகுக்கே நகரக்கலை கற்பித்ததாகப் பெருமை பேசிய லண்டன் மாநகரில், கவுன்ட்டி கவுன்சில் என்னும் நகரசபை, ஒரு பெருஞ்சேரியை இடித்து, அவ்விடத்தில் அழகிய அடுக்குவீடுகளைக் கட்டி, 1900-ஆம் ஆண்டில் திறந்தது. இடித்த இடத்தில் வாழ்ந்தவர் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர். புதிய வீடுகளுக்குத் திரும்பி வந்தவரோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. வாடகை மிகுதி, நன்னடத்தைச் சான்று வேண்டும், நிலையான வேலை வேண்டும். ஏழையின் பெயரால் கட்டிய வீட்டில் ஏழைக்கு இடமில்லாமற் போயிற்று.

இக்கொடுமையை நேரிற் கண்டு எடுத்துரைத்த பெரியார் ஒருவர் உண்டு. அவர் ஸ்காத்லாந்து நாட்டவராகிய பாட்ரிக் கெடஸ். 1915-இல் சென்னைக்கு வந்து நகரமைப்புக் காட்சி ஒன்றை நடத்திய அவர், சென்னை மாகாணத்து நகரங்கள் பலவற்றையும் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். கோயிலும் குளமும் மரமும் சேர்ந்த பழைய தெருக்களை அகன்ற சாலையின் பெயரால் சிதைத்தெறிய வேண்டா. கேடுற்ற ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் நீக்கி, மற்றவற்றைக் காப்பாற்றுங்கள் என்பது அவர் கூறிய அறிவுரை. ஒரு தெருவை இடித்தால் அத்தெருவார் அடுத்த தெருவிற் சென்று நெருங்குவார்கள். நெருக்கம் இடம் மாறுமேயன்றி ஒழியாது என்று அவர் கண்டார். அவர் சொல்லைக் கேட்டவர் சிலர், கேளாதவர் பலர்.

நிற்க. அரசாங்கத்துக்கு முன்பே தொழிலாளருக்கு வீடு கொடுத்தவர் உண்டு. அவர் முதலாளிகள். மைசூர்ச் சீமைக்குள்ளேயே, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற நம் மக்கள் பல்லாயிரவர் கோலார் தங்கவயலில் குடியேறினார்கள். சுரங்கக் கம்பெனி அவர்களுக்கு வரிசை வரிசையாகக் குடிசை அமைத்தது. மூங்கில் தட்டியால் ஆன தட்டிவீடுகள் அவை. 1902-இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் அவ்வூருக்கு வந்தது. ஆயினும், சுரங்கத்தின் எந்திரத்தை ஓட்ட வந்த அம்மின்சாரம் தொழிலாளியின் தட்டிவீட்டை ஒளிரச் செய்ய வந்ததன்று. அங்கே வீடு பங்கிடும் விதி மிக எளிது: வேலை உள்ளவரையில் வீடு உண்டு. தந்தையின் வேலை மகனுக்குக் கிடைத்தால் வீடும் குடும்பத்தில் நிற்கும். கிடைக்காவிட்டால் பெட்டி படுக்கையைக் கட்டவேண்டியதுதான். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபோது, நூறாண்டாக அம்மண்ணில் வாழ்ந்த குடும்பங்கள், 'இவ்வீடு எங்களுக்கு உரியதா, அன்றா?' என்று கேட்டு நின்றன. வேலையோடு கட்டிய வீடு, வேலை போனதும் எத்துணை விரைவில் ஆட்டங்காணும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நாடு விடுதலை பெற்றபின் விடை மாறத் தொடங்கியது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கம், 'பணமுள்ளவனுக்கே மனை' என்று வெளிப்படையாகச் சொல்ல இயலாது. ஆகவே, தேவையை அளந்து பார்க்கும் விதிகள் எழுந்தன. பெங்களூரில் 1945-இல் ஏற்பட்ட நகர அபிவிருத்தி டிரஸ்டு, 1976-இல் பெங்களூர் வளர்ச்சிக்கழகமாக மாறியது. அக்கழகம் 1984-இல் வகுத்த மனை ஒதுக்கீட்டு விதிகளைப் பார்த்தால், அவற்றுள் நான்கு எண்ணங்கள் கலந்திருக்கக் காணலாம். விண்ணப்பிப்பவர் குடும்பஸ்தரா, அவரை நம்பிய பிள்ளைகள் உண்டா என்பது ஒன்று. அவருடைய வருவாய் யாது, மனை வாங்கி வீடு கட்டும் ஆற்றல் உண்டா என்பது இரண்டு. எத்தனை ஆண்டுகளாகக் கேட்டும் கிடைக்காமற் காத்திருக்கிறார் என்பது மூன்று. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், முன்னாள் படைவீரர் முதலியோருக்குத் தனியே பங்கு ஒதுக்குவது நான்கு. இவற்றோடு, மாநிலத்தில் குறித்த சில ஆண்டுகள் குடியிருந்தவராக இருக்கவேண்டும், நகரில் வேறு வீடு மனை இல்லாதவராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனைகளும் சேர்ந்தன.

இவை ஒவ்வொன்றும் நேர்மையான எண்ணந்தான். ஆயினும் ஒன்றோடொன்று முரண்படுவதை நோக்குங்கள். தேவை மிகுந்தவன் பணம் இல்லாதவன். கட்டும் ஆற்றலைப் பார்த்தால் அவன் பின்தங்குவான். நெடுநாள் காத்திருப்பவன் உரிமை பெரிது. ஆனால் நேற்று வெள்ளத்தில் குடிசை இழந்தவளின் துன்பம் அதனினும் பெரிது. ஊரில் பலகாலம் வாழ்ந்தவனுக்கு முதலிடம் என்றால், பிழைப்புத் தேடி வந்தவன் எப்போதும் வரிசையின் கடைசியிலேயே நிற்பான். விதி வகுப்பவர் இவற்றுள் எதை முன்னே வைக்கிறாரோ அதைப் பொறுத்தே ஏழையின் தலைவிதி அமைகிறது.

இங்கிலாந்திலும் இதே சிக்கல் எழுந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அந்நாட்டு நகரசபைகள் புள்ளிமுறையைக் கையாண்டன. ஓர் அறையில் எத்தனை பேர், குளியலறை உண்டா, நோயாளி உண்டா, எத்தனை ஆண்டு காத்திருப்பு என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்து, கூட்டுத்தொகை மிகுந்தவருக்கு வீடு வழங்குவது அம்முறை. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால், பட்டியலில் பெயர் சேர்வதற்கே அவ்வூரில் சில ஆண்டுகள் வாழ்ந்திருக்கவேண்டும் என்று பல சபைகள் விதித்தன. கரிபியத் தீவுகளிலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் சென்று பேருந்தோட்டியும் ஆலையில் உழைத்தும் அந்நகரங்களை வாழ்வித்தவர்கள் இதனால் வெளியே நிறுத்தப்பட்டார்கள். 1969-இல் கல்லிங்வொர்த் என்பவர் தலைமையில் ஆராய்ந்த குழு, பட்டியலில் பெயர் சேர்ப்பதற்குக் குடியிருப்புக்காலத்தை ஒரு தடையாக வைத்தல் ஆகாது என்று பரிந்துரைத்தது. 1977-இல் வீடற்றோர்பற்றிய சட்டம் ஒன்றும் வந்தது. புள்ளி எத்தனை என்பதைக் காட்டிலும், புள்ளி எண்ணப்படும் மேசையருகே யார் அனுமதிக்கப்படுகிறார் என்பதே பெரிது என்ற உண்மை இவ்வரலாற்றால் விளங்கும்.

நம் தாயகத்தின் நிலையையும் பார்ப்போம். சென்னை மாநிலத்தில் வீட்டுவசதி வாரியம் 1961-இல் அமைந்தது. குடிசைவாழ் மக்களுக்கென்று தனி வாரியம் 1970-இல் ஏற்பட்டு, மறு ஆண்டு அதற்குரிய சட்டமும் வந்தது. அந்நாளில் எடுத்த கணக்கின்படி, சென்னையில் மட்டும் 1,202 குடிசைப் பகுதிகள் இருந்தன. குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குவீடு கட்டி, அங்கே வாழ்ந்தவருக்கே அளிப்பது தொடக்ககால நோக்கம். லண்டனில் நடந்த பிழை இங்கே நிகழலாகாது என்பது அந்நோக்கத்தின் உட்கிடை. எந்த மாடி, எந்தக் கதவெண் என்பதைக் குலுக்கலில் தீர்மானித்தார்கள். குலுக்கலுக்கு ஒரு சிறப்பு உண்டு. அது யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அதற்கு ஒரு குறையும் உண்டு. மாடியேற முடியாத கிழவிக்கு நான்காம் மாடியைக் கொடுத்துவிட்டு அது வாளா இருக்கும். காலப்போக்கில், இருந்த இடத்திலேயே வீடு என்ற நோக்கம் தளர்ந்து, இரண்டாயிரமாம் ஆண்டுக்குப்பின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் எல்லைக்கு அப்பால் குடியமர்த்தும் வழக்கம் பெருகியது. வீடு கிடைத்தது, வேலையும் பள்ளியும் தொலைவிலாயின. 2021-இல் அவ்வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றம் பெற்றது.

இனி, நகரத்தை விட்டுச் சிற்றூருக்குச் செல்வோம். பழைய மைசூர் மாவட்டத்தில், கொள்ளேகாலத்துக்குக் கிழக்கே, மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியில் ராமாபுரம் என்னும் ஊர் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல்நாள் வரையில் அப்பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கொள்ளேகாலம் வட்டம் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அவ்வட்டமும் அதனுள் அடங்கிற்று. தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் மலையடிவாரச் சீமை அது. அங்குள்ள தமிழர் பலர் எங்கிருந்தும் குடிபெயர்ந்து வந்தவர் அல்லர். இருந்த இடத்திலேயே இருந்தார்கள். எல்லைதான் அவர்கள் தலைக்கு மேலாக நகர்ந்து சென்றது. அத்தகையவரை நோக்கி, 'நீ எந்த ஊர்?' என்று கேட்டால், அவர் என்ன விடை சொல்வார்? 'என் ஊர் இதுதான். எந்த மாநிலம் என்பதை நீங்கள் அல்லவா மாற்றினீர்கள்?' என்று சொல்வதன்றி வேறு என் செய்வார்?

இத்தகைய சிற்றூர்களில் வீடு பங்கிடும் பொறுப்பு மெல்ல மெல்லவே ஊராரிடம் வந்து சேர்ந்தது. 1972 முதல் 1980 வரை கருநாடகத்தின் முதலமைச்சராக இருந்தவர், மைசூர் மாவட்டத்து ஊன்சூர்ப் பகுதியினராகிய தேவராஜ் அரசு. நிலமற்ற ஏழைகளுக்கு மனையும் ஜனதா வீடுகளும் வழங்கும் திட்டங்கள் அவர் காலத்தில் ஊக்கம் பெற்றன. 1985-இல் மத்திய அரசாங்கம், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோரை முன்னிட்டு, இந்திராவின் பெயரால் ஒரு குடியிருப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1991-இல் கருநாடகம் 'ஆசிரயம்' என்ற திட்டத்தையும், அம்பேத்கர் பெயரால் மற்றொரு திட்டத்தையும் மேற்கொண்டது. இவற்றை நடத்துவதற்கென 2000-இல் ராஜீவ் காந்தி ஊரக வீட்டுவசதிக் கழகம் அமைக்கப்பட்டது. இடையே, அரசியலமைப்பின் எழுபத்து மூன்றாம் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்து, கிராமசபைக்குச் சட்டத்தில் இடம் அளித்தது. பயனாளிகளை இனங்காணும் வேலை அதன் கடமைகளுள் ஒன்றாயிற்று.

கிராமசபை என்பது யாது? ஊர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ளோர் யாவரும் அதன் உறுப்பினர். தலைவரும் செயலாளரும் கூட்டத்தின் முன் பட்டியலைப் படிக்கவேண்டும். 'இவனுக்கு ஏற்கெனவே ஓட்டுவீடு உண்டு' என்று ஒருவர் எழுந்து சொல்லலாம். 'இவள் கணவனை இழந்தவள். கூரை சரிந்து கிடக்கிறது. இவள் பெயர் ஏன் இல்லை?' என்று மற்றொருவர் கேட்கலாம். வீடு பெரும்பாலும் குடும்பத்துப் பெண்ணின் பெயரிலேயே பதிவாகிறது. பணம் ஒரே தவணையில் வருவதில்லை. அடித்தளம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏற, படம் பிடித்து அனுப்பிய பின்னரே அடுத்த தவணை வந்து சேரும். ஆகவே, முதல் தவணைக்கு முன் கடன் வாங்கியேனும் கடைக்கால் போடவேண்டிய நிலை பல ஏழைகளுக்கு ஏற்படுகிறது. பட்டியலில் பெயர் வந்தும் கூரை ஏறாமல் நிற்கும் வீடுகளின் கதை பெரும்பாலும் இதுவே.

2016-இல் பிரதமர் பெயரால் வழங்கும் ஊரக வீட்டுத் திட்டம் வந்தபோது, முறை மீண்டும் மாறியது. 2011-இல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பே பட்டியலுக்கு அடிப்படையாயிற்று. வீடே இல்லாதோர் முதலில். பின் ஓர் அறையோ இரண்டறையோ உள்ள மண்சுவர்க் குடிசையினர். அவர்களுள்ளும், உழைக்கும் வயதில் ஆள் இல்லாத வீடு, ஆண்துணையின்றிப் பெண் தலைமை தாங்கும் வீடு, எழுத்தறிந்த பெரியவர் இல்லாத வீடு, உடல் ஊனமுற்றோர் உள்ள வீடு, நிலமின்றிக் கூலியால் வாழும் வீடு என்று குறைபாட்டுக்கு ஏற்பப் புள்ளி எண்ணி வரிசைப்படுத்தினார்கள். அவ்வரிசையைக் கிராமசபை சரிபார்க்கவேண்டும். குறை உள்ளவர் மேல்முறையீடு செய்யலாம். எந்திரம் எண்ணுகிறது, ஊர் சரிபார்க்கிறது என்னும் இந்த ஏற்பாடு, எண்ணத்தில் மிக நல்லதே. ஆனால் கணக்கெடுத்த நாளில் வீடு பூட்டிக் கிடந்தால்? குடும்பம் முழுவதும் கரும்பு வெட்டவோ செங்கற்சூளைக்கோ வெளியூர் சென்றிருந்தால்? அக்குடும்பம் ஏட்டில் இல்லாத குடும்பமாகிவிடுகிறது. விடுபட்டோரைச் சேர்க்கப் பின்னர்ப் புதிய கணக்கெடுப்புகள் நடந்தன என்பதே, விடுபட்டோர் மிகப் பலர் என்பதற்குச் சான்று.

விதிகள் எத்துணை நுட்பமாக இருப்பினும், அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கதவு திறந்து கிடக்குமாயின், வரிசை பயனற்றதாகிவிடும். விருப்புரிமை ஒதுக்கீடு என்பது அச்சிறு கதவு. மைசூரின் பழைய டிரஸ்டு 1988-இல் நகர வளர்ச்சிக்கழகமாக மாறியது. அக்கழகம் நிலம் இழந்தோருக்கு மாற்று மனை வழங்கிய முறைபற்றி 2024-இல் எழுந்த புகார், முதலமைச்சர் குடும்பத்துக்கு அளித்த மனைகள் வரையில் சென்று, உயர்நீதிமன்றத்தையும் எட்டியது. அம்மனைகள் திருப்பி அளிக்கப்பட்டன. முதலமைச்சருக்கு எதிராகப் போதிய சான்று இல்லை என்று 2025-இல் லோகாயுக்தா காவலர் தெரிவித்தனர். யார் குற்றவாளி என்று தீர்ப்பது நம் வேலை அன்று. நாம் கவனிக்கவேண்டுவது வேறு. நூறாண்டுக்கு மேல் பழமை வாய்ந்த நகரில், ஒரு மனை யாருக்கு, எந்த விதிப்படி, எந்த விலைக்குச் சென்றது என்பதைப் பொதுமக்கள் எளிதிற் படித்தறியும் ஏடு இருந்திருக்குமாயின், இத்துணைப் பெரிய ஐயம் எழுந்திருக்குமோ?

கடல் கடந்து வாழும் தமிழர் மிகுந்த சிங்கப்பூரில் இதற்கு வேறொரு விடை கண்டார்கள். 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. மறு ஆண்டு புக்கிட் ஹோ சுவீ என்னுமிடத்தில் பெருந்தீ எழுந்து பல்லாயிரவரை வீடற்றவராக்கியபோது, அக்கழகம் விரைந்து அடுக்குவீடுகளைக் கட்டிக் குடியேற்றியது. முதலில் வரிசைமுறை, பின்னர்க் குலுக்கல்முறை. 1989 முதல், ஒவ்வொரு குடியிருப்பிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் முதலியோர் இத்தனை பங்குக்கு மேற்படலாகாது என்று வரம்பு கட்டினார்கள். பழைய பெங்களூர் சாதிவாரியாகப் பிரித்து வைத்தது. சிங்கப்பூர் இனங்களைக் கலந்து வைத்தது. ஆயினும் அங்கும் ஒரு குறை சொல்வதுண்டு. சீனரின் பங்கு நிரம்பிய குடியிருப்பில் வீட்டை விற்க விரும்பும் சிறுபான்மையினருக்கு, வாங்குவோர் வட்டம் சுருங்கிவிடுகிறது என்பது அக்குறை.

இறுதியாக, நம் நெஞ்சை நேரே தைக்கும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லவேண்டும். தில்லி ஜங்க்புராவில், பாராபுல்லா கால்வாயின் கரையில், 'மதராசி முகாம்' என்று ஒரு குடிசைப்பகுதி இருந்தது. தமிழகத்திலிருந்து சென்றவர்கள் பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்தார்கள். வீட்டுவேலை செய்தும் கூலிவேலை செய்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். கால்வாயில் வெள்ளம் தேங்குவதைத் தடுக்கவேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதன்படி, 2025-ஆம் ஆண்டு ஜூன் முதல்நாள் அக்குடிசைகள் இடிக்கப்பட்டன. அங்கே இருந்தவை 370 குடிசைகள். நரேலா என்னும் தொலைவான புறநகரில் மாற்றுவீடு பெறத் தகுதியுடையவை என்று ஏற்கப்பட்டவை 189. எஞ்சிய 181 குடும்பங்களுக்கு வீடு இல்லை.

இந்த 189-க்கும் 181-க்கும் இடையே நின்ற வேறுபாடு யாது? வறுமையா? இரு சாராரும் வறியவரே. தில்லி அரசாங்கத்தின் 2015-ஆம் ஆண்டுக் கொள்கையின்படி, 2015 ஜனவரி முதல்நாளுக்கு முன்பே அக்குடிசையில் வாழ்ந்ததாகச் சான்று காட்டவேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். சான்று காட்டியவர் வீடு பெற்றார். காட்ட இயலாதவர் தெருவில் நின்றார். மும்பை தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று தோல் பதனிடும் தொழிலை வளர்த்த நம்மவரின் வழித்தோன்றல்களும் இதே சோதனையை எதிர்நோக்கியவர்களே. அம்மாநிலத்தில் இலவச வீட்டுக்குரிய எல்லைநாள் முதலில் 1995 ஜனவரி 1 என்றும், பின்னர் 2000 ஜனவரி 1 என்றும் விதிக்கப்பட்டது. அந்நாளுக்கு முந்திய ஒரு மின்கட்டணச் சீட்டு, ஒரு குடும்ப அட்டை, ஒரு வாக்காளர் பட்டியலின் பக்கம் ஆகியவற்றின் மதிப்பு, இடுப்பில் முடிந்து வைத்த பொன்னின் மதிப்பைக் காட்டிலும் உயர்ந்ததாயிற்று.

இவ்வாறு நூற்றாண்டுக் காலத்தைச் சுற்றிவந்த நாம், மூன்று செய்திகளை உடன் கொண்டு செல்லலாம்.

முதலாவது, வீடு வழங்கும் விதி ஒன்றுகூடக் குற்றமற்றதாக இதுவரை அமையவில்லை. விலையும் சாதியும் ஏழையைத் தள்ளின. வேலையோடு கட்டிய வீடு வேலையோடு போயிற்று. காத்திருப்பும் குடியிருப்புக் காலமும் புதிதாக வந்தவரைப் புறந்தள்ளின. குலுக்கல் தேவையை அறியவில்லை. புள்ளியோ கணக்கெடுத்த நாளில் ஊரில் இல்லாதவரை மறந்தது. ஆகவே, எந்த விதியானாலும் அதனோடு மேல்முறையீடு என்னும் வாயிலும் இருக்கவேண்டும். அந்த வாயிலைத் தட்ட நாம் தயங்கலாகாது.

இரண்டாவது, வெளிச்சமே ஏழைக்குக் காவல். பட்டியலைச் சுவரில் ஒட்டுதல், கூட்டத்தில் உரக்கப் படித்தல், விடுபட்டவர் பெயரையும் அதன் காரணத்தையும் எழுதி வைத்தல் ஆகியவை நடக்கும் ஊரில் சிறு கதவுகள் தாமாகவே சாத்திக்கொள்ளும். கிராமசபையோ வார்டு கூட்டமோ கூடும் நாளில், 'நமக்கு இங்கே என்ன?' என்று நம்மவர் ஒதுங்கி இருத்தல் வேண்டா. கன்னடத்தில் படித்தாலும் மராத்தியில் படித்தாலும், தம் பெயர் எங்கே வருகிறது என்று காது கொடுத்துக் கேட்பதற்கு எவருக்கும் உரிமை உண்டு. மொழி அறிந்த இளைஞர் ஒருவர் முதியவர் நால்வரை உடன் அழைத்துச் சென்றால், அதுவே சிறந்த தமிழ்த்தொண்டாகும்.

மூன்றாவது, ஏடுகளைப் பேணுங்கள். குடிவந்த ஆண்டின் வாடகைச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, மின்கட்டண ரசீது, வாக்காளர் அட்டை ஆகியவற்றை ஒரு தகரப்பெட்டியில் வையுங்கள். ஊருக்குச் சென்று திரும்பும்போதெல்லாம் வாக்காளர் பட்டியலில் பெயர் நிற்கிறதா என்று பாருங்கள். பிறந்த ஊரில் ஒரு பெயரும் பிழைக்கும் ஊரில் ஒரு பெயருமாக இரண்டிடத்தில் பதிவு செய்துகொண்டால், ஈரிடத்தும் உரிமை கெடும். ஆதலால் வாழும் ஊர் எது என்று தெளிந்து, அங்கே வேர் ஊன்றுங்கள்.

ராமாபுரத்துத் தமிழர் இடம் பெயராமலே அயல் மாநிலத்தவர் ஆனார்கள். மதராசி முகாமினர் இடம் பெயர்ந்து, அரை நூற்றாண்டு வாழ்ந்தும், அயலாராகவே எண்ணப்பட்டார்கள். ஒருவன் எவ்வூரான் என்பதைப் பிறப்பு ஒன்றே தீர்மானிப்பதில்லை, எல்லைக்கோடும் தீர்மானிப்பதில்லை. அவன் எந்தத் தெருவைப் பெருக்கினான், எந்த ஆலையில் உழைத்தான், எந்தப் பள்ளிக்குத் தன் பிள்ளையை அனுப்பினான் என்பவையே அவனை அவ்வூரானாக்குகின்றன. வீடு பங்கிடும் ஊராட்சிகள் இதனை விதியாக எழுதும் நாள் வரவேண்டும். அதுவரையில், 'நீ இவ்வூரானா?' என்று கேட்கும் அதிகாரியின் முன், தகரப்பெட்டியைத் திறந்து வைத்து, 'ஆம், இவ்வூரானே' என்று தலைநிமிர்ந்து சொல்லும் துணிவு நம்மவர் ஒவ்வொருவருக்கும் உண்டாகுக.